தோமாத்துறைக்கு மேலே ஒரு குமிழி

சொட்டு மருந்து விட்டாச்சா உங்களுக்கும்? செரி. கண்ணைத் திறந்துராதீங்க, அந்த சிஸ்டர் ஏசும். எனக்கு ரெண்டு தடவை விட்டாச்சு, இன்னும் கண்ணு விரியலையாம். நீங்க யாரு எவருன்னு பாக்கவும் வழியில்ல, பக்கத்துல ஆளு உக்காந்திருக்குன்னு மட்டும் தெரியுது. அண்ணாச்சின்னே கூப்பிடுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. சும்மா கண்ணை மூடிட்டு இருந்தா எனக்குத் தூக்கம் வந்துரும், தூங்கினா குறட்டை வந்துரும். அதுக்குப் பேசிட்டே இருக்கலாம்.

என் பேரு சிதம்பரதாணு. நாகர்கோவில்ல ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் புரொபசரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். ரிட்டயர்டு ஆனா ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணைப் பிடிப்பான். கோயிலைப் பிடிப்பான், பேரப்பிள்ளையைப் பிடிப்பான். நான் ஆகாசத்தைப் பிடிச்சேன். அதுல எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கு, அதைத்தான் சொல்ல வாரேன்.

தோமாத்துறைன்னு கடற்கரையில ஒரு ஊரு. அந்த ஊர்க்காரனுக்கு நான் நல்லதுதான் செஞ்சேன் அண்ணாச்சி, ஒரு கெடுதல் செய்யலை. இன்னைக்கு நான் அந்தப் பக்கம் போனா, டீக்கடையில இருக்கவன்லாம் எந்திரிச்சு நிக்கான். "சாரே, இன்னைக்குக் குமிழி உண்டா?"ன்னு கேக்கான். கேட்டுட்டுச் சிரிக்கான். அது மரியாதையா, வேற என்னமுமான்னு எனக்குப் பிடிபடலை. வீட்டுக்காரிகிட்ட கேட்டா அவளும் சிரிக்கா.

குமிழி என்னதுன்னு சொல்லாம நான் பாட்டுக்குப் போறேன் பாருங்க. நமக்கு மேல, மேகத்துக்கெல்லாம் ரொம்ப மேல, வெயில் பட்டுப் பட்டுக் காத்துல மின்சாரம் ஏறிக் கிடக்கும். அயனி மண்டலம்னு பேரு. செல்போன் சிக்னல் கரையை விட்டுக் கொஞ்சம் போனதும் செத்துரும். சிற்றலை வயர்லெஸ் அப்படி இல்ல. அது மேல போய் அந்த மண்டலத்துல முட்டித் திரும்பிக் கீழ வரும், கேரம் போர்டுல காய் கட்டையில பட்டு வாரதுல்லா, அதேதான். ஆழ்கடல்ல எவ்வளவு தூரத்துல நிக்க மீன்பிடி போட்டுக்கும் பேசிரலாம். ஆனா கட்டை ஒழுங்கா இருக்கணும். நம்ம ஊருக்குப் பக்கத்துல பூமியோட காந்த நடுக்கோடு போகுது. அதனால சூரியன் மறைஞ்சதும் மேல சாம்பார் கொதிக்க மாதிரி குமிழி கிளம்பும். குமிழியில பட்ட சிக்னல் போன வழி தெரியாது. எந்த நேரம், எந்தத் திசையில, எந்த அலையில பேசினா கேக்கும்னு முன்கூட்டியே சொல்லதுக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு மாடல் செஞ்சேன். வெளிநாட்டுக்காரன் செஞ்ச மாடல் எல்லாம் நம்ம ஆகாசத்துக்கு ஒத்து வராது பாத்துக்கிடுங்க.

அந்த நேரம் பாத்து ஒரு டிரஸ்ட்டுக்காரங்க வந்தாவ. தோமாத்துறையில கொஞ்சம் போட்டுக்குப் பெரிய வயர்லெஸ் செட்டு குடுத்துப் பரீட்சை பாப்போம், ஒழுங்கா வேலை செஞ்சா அடுத்த தவணையில ஊர்ல இருக்க எல்லாப் போட்டுக்கும் குடுப்போம்னாவ. புயல் எச்சரிக்கை சொல்லதுக்கு. பக்கத்துல நிக்க போட்டுகூடப் பேச ஒரு சின்ன செட்டு எல்லார்கிட்டயும் உண்டு, அது கரை வரைக்கும் எட்டாது. செட்டு வேலை செய்யுதா இல்லையான்னு அறிக்கை குடுக்க வேண்டியது நான்.

கரையில, கோயில் மாடியில ஒரு அறை. அதுல ஒரு செட்டு. அதைப் பாத்துக்கிட பிலோமின்னு ஒரு பிள்ளையைப் போட்டோம். கிளீட்டஸ்னு ஒரு போட்டு டிரைவரோட பெண்டாட்டி. அவ கூடப்பிறந்த அண்ணன் முந்தின ஒரு புயல்ல போனவன், வரவே இல்ல. கரையில எல்லாருக்கும் புயல் வாரது தெரியும், அவனுக்குச் சொல்லத்தான் வழியில்லாமப் போச்சு. அதனால அந்தப் பிள்ளைக்கு இந்தச் செட்டு மேல ஒரு உயிரு. அவ புருசன் போட்டுக்கு முதல் தவணையில கிடைக்கலை. ரெண்டாவதுல வந்துரும்லா சாரே, வந்துரும்லான்னு தினம் கேக்கும். என் மாடல் கையிலதான் இருக்கு மக்ளேன்னு நானும் சொல்லுவேன்.

நான் காலையில நாகர்கோவில்ல இருந்து பஸ் ஏறிப் போயிருவேன். காலையில ஒவ்வொரு போட்டையும் கூப்பிட்டு, சாப்பாடு ஆச்சா, இஞ்சின் எப்படி, மழை உண்டான்னு விசாரிப்போம். மணி மாதிரி பதில் வரும். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டு, எங்க நிக்கிய, எந்தத் திசைன்னு கேப்போம். இடம் தெரியாம மாடல் எப்படி ஓடும்? எல்லாரும் ஒரே அலையிலதான், ஒருத்தன் சொன்னா மத்தவனுக்கும் கேக்கும். அங்கதான் அண்ணாச்சி, அந்த அதிசயம். பாதிப் போட்டு இடத்தைச் சொல்லிரும். மிச்சப் போட்டுக்குச் சாயங்காலம் ஆனா ஒண்ணும் கேக்காது.

ததேயுஸ்னு ஒரு டிரைவர், கிளீட்டஸுக்கும் அவனுக்கும் ஆகவே ஆகாது. வலையை அறுத்தான், கயிறை அறுத்தான்னு பழைய பகை. அந்த ததேயுஸை நானே கூப்பிட்டேன். "ததேயுஸ், சாப்பிட்டியா?"ன்னேன். "சாப்பிட்டேன் சாரே, சூரை மீன் குழம்பு"ன்னான். "எங்க நிக்க?"ன்னேன். "சாரே, ஒண்ணும் கேக்கலை, ஒரே இரைச்சல்"னான். அதுல பாருங்க, அவன் கேக்கலைன்னு சொல்லுதது எனக்கு எவ்வளவு தெளிவாக் கேக்குது. அவனுக்கு என் குரல் போகலை. ஒருவழிப் பாதை. இதை உலகத்துல எவனும் எழுதி வைக்கலை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

வீட்டுல வந்து சொன்னா, வீட்டுக்காரி வெண்டைக்காய் நறுக்கிட்டே, "எங்க நிக்கன்னு கேட்டது கேக்காமலா கேக்கலைன்னு சொன்னான்?"ங்கா. அவளுக்கு என்ன தெரியும், அவ பி.ஏ. வரலாறு. ஒருநாள் சோதிச்சுப் பாப்போம்னு காலையிலேயே இடத்தைக் கேட்டேன். அன்னைக்குக் காலையிலேயே கேக்கலை. சூரியன்ல ஏதாவது வெடிச்சிருக்கும். பகல்லயும் அப்படி ஆகும், புத்தகத்துல இருக்கு.

ஊர்க்காரனுக்கும் அறிவியல் தெரியணும்லா? ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லாரையும் உக்கார வச்சு, சாயங்காலக் குமிழியைப் பத்திப் படம் போட்டு விளக்கினேன். என்னா கவனமாக் கேட்டான்ங்கிய. காலேஜ்ல ஒருத்தனும் அப்படிக் கேட்டதில்ல. ததேயுஸ் கையைத் தூக்கி, "சாரே, இந்தக் குமிழி கிளம்பிட்டா போட்டு முதலாளி பேசுததும் கேக்காதா?"ன்னு ஒரு கேள்வி கேட்டான். அருமையான கேள்வி. "யாரு பேசினாலும் கேக்காது டே"ன்னேன். அதுக்கு அடுத்த வாரத்துல இருந்து குமிழி ஜாஸ்தியாயிட்டு. முதலாளி அறைக்கு வந்து மைக்கைப் பிடிச்சுக் கத்துவாரு, அங்க இருந்து "குமிழி முதலாளி, குமிழி"ன்னு பதில் வரும். படிக்காத பயலுவ, ஒரு அறிவியல் சொல்லை எவ்வளவு சுளுவாப் பிடிச்சிக்கிட்டான்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு.

என்ன அண்ணாச்சி, இருமுதியளா? தண்ணி வேணுமா? செரி.

பிலோமி நேர்மையான பிள்ளை. கேட்டா கேட்டதுன்னு போடும், கேக்கலைன்னா சைபர். முகத்தை மட்டும் ஒரு மாதிரி வச்சிக்கிட்டு, "சைபரே போடவா சாரே?"ன்னு கேக்கும். "உள்ளதைப் போடு"ம்பேன். அந்த சைபர் எல்லாம் சேத்து வச்சுத்தான் மாடல் வளந்துச்சு. கேட்ட இடத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல பச்சைப் புள்ளி வச்சேன். வச்சு வச்சு வந்தா, தென்மேற்கே ஒரு இடம் மட்டும் மொட்டையா நிக்கி. அங்க இருந்து ஒருத்தன்கூட ஒருநாள்கூடப் பேசலை. கேக்காத போட்டெல்லாம் எங்க இருந்திருக்கும்? அங்கதான். அந்த இடத்துக்கு மேல ஆகாசத்துல பொத்தல். சிவப்புல ஒரு வட்டம் போட்டேன்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்க. கேக்காத போட்டு திரும்பி வரும்போது பாரம் தாங்காது, தண்ணியோட தண்ணியா அமுங்கி வரும். மீனு அவ்வளவு. நாங்க சைவம், எனக்கு மீனு பேரு நாலு தெரியாது, ஏலம் போடுத பக்கமே நான் போனதில்ல, வாடை ஆகாது. ஆனா குமிழிக்கும் மீனுக்கும் என்னமோ ஒரு சம்பந்தம் இருக்குன்னு எனக்குத் தோணிட்டு. மேல மின்சாரம் கலங்கினா கீழ மீனு கூடும்போல. அதைத் தனியா ஒரு கட்டுரையா எழுதிட்டு இருக்கேன்.

பரீட்சை முடிஞ்சு கூட்டம் போட்டாவ. டிரஸ்ட்டுல இருந்து ஒரு அம்மா வந்திருந்தாவ. ரெண்டாம் தவணை உண்டா இல்லையான்னு அன்னைக்கு முடிவு. தோமாத்துறை டிரைவருங்க, பக்கத்து ஊரு டிரைவருங்க, பெண்டுக, எல்லாம் மண்டபம் நிறைஞ்சு கிடக்கு. நான் திரையில கடல் வரைபடத்தைப் போட்டு, சிவப்பு வட்டத்தைப் பெரிசாக் காட்டினேன். காட்டினதும் தோமாத்துறைக்காரன் மூஞ்சியில ரத்தமே இல்ல. ஆகாசத்துல பொத்தல்னா பயம் இருக்கும்லா? பக்கத்து ஊர்க்காரன்லாம் செல்போனை எடுத்துப் படம் பிடிச்சான். அந்த வட்டத்தை மட்டும் கிட்ட வந்து, திரும்பத் திரும்பப் பிடிச்சான். அவ்வளவு ஆர்வம்.

அந்த அம்மா கேட்டாவ, "அப்போ இந்தப் பகுதியில செட்டு குடுத்துப் பிரயோசனம் இல்லையா சார்?" "இருக்குன்னு சொன்னா பொய் சொன்னவன் ஆவேன்"னேன். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. பிலோமி முன்னால உக்காந்து என்னையே பாத்துட்டு இருக்கு. ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்குல்லா அண்ணாச்சி.

அப்போ பிலோமி எந்திரிச்சா. "அங்கன எல்லாம் கேக்கும் சாரே. எந்த நேரமும் கேக்கும். ஆகாசத்துல ஒரு பொத்தலும் இல்ல"ங்கா.

எனக்குச் சுருக்குன்னு வந்துட்டு. "சைபர் போட்டது யாரு?"ன்னேன்.

"நான்தான்."

"பொய்யாப் போட்டியா?"

"இல்ல. அவிய கேக்கலைன்னாவ, நான் போட்டேன்."

"அப்போ அவிய பொய் சொன்னாவன்னு சொல்லுதியா? எல்லாரும் இங்கதான் இருக்காவ. நீயே கேளு."

அவ திரும்பிப் பாத்தா. ததேயுஸ் கால் பெருவிரலால தரையைத் தேச்சிட்டு இருந்தான். மத்தவன்லாம் ஃபேனைப் பாக்கான். "சொல்லுங்களேன்"னா. "ஒருத்தராவது சொல்லுங்களேன். என் வீட்டுக்காரனுக்கு மட்டுமா கேக்கேன்? உங்க அண்ணன் தம்பி போட்டுக்கும்தான?" பின்னால பக்கத்து ஊர்க்காரன் போனைப் பிடிச்சிட்டே நிக்கான். கடைசியில கிளீட்டஸே, அவ புருசனே, கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சான். புருசனே என் பக்கம் பாத்துக்கிடுங்க. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ரெண்டாம் தவணை இல்லைன்னு ஆயிட்டு. குடுத்த செட்டு வாங்கினவன்கிட்டயே இருக்கட்டும், புதுசாக் கிடையாதுன்னாவ. பிலோமி அதுக்கப்புறமும் அறைக்கு வந்துச்சு, வேலை பாத்துச்சு. என்கிட்ட மட்டும் அதிகமாப் பேசாது. சின்னப் பிள்ளை, தோத்த வருத்தம் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்.

இதுல ஒரு வேடிக்கை. கூட்டம் முடிஞ்ச நாள்ல இருந்து பக்கத்து ஊர்ப் போட்டெல்லாம் அந்தச் சிவப்பு வட்டத்துக்கே போகுது. வயர்லெஸ் கேக்காத இடம்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன், அங்கதான் போறான். நேரில பாக்கணும்னு ஆசைபோல. தோமாத்துறைக்காரன்லாம் கண்டபடி பேசினான். கிளீட்டஸுக்கு அந்த நெரிசல் பிடிக்கலை, அவன் வேற எங்கேயோ தள்ளிப் போய்த் தொழில் செய்யுதான்னு சொன்னாவ. எங்கன்னு பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லலையாம்.

ஐப்பசி முடியுத நேரம். ஒருநாள் மத்தியானத்துக்கு மேல எச்சரிக்கை வந்துட்டு, புயல் திடீர்னு திரும்பி நம்ம பக்கம் வருதுன்னு. நான் அறையிலதான் இருந்தேன். ஏணிப்படி முழுக்கப் பெண்டுக, ஒருத்தி அழுதா, ஒருத்தி செபம் சொல்லுதா. போட்டெல்லாம் ஆழக் கடல்ல. பிலோமி மைக்கை எடுத்துக் கூப்பிட்டா. பதில் இல்ல. எப்படி வரும்? சூரியன் இறங்கிட்டு இருக்கு, மாடல் சைபர்னு காட்டுது. "பிள்ளே, இப்போ கேக்காது. குமிழி அடங்கட்டும், அப்புறமாக் கூப்பிடு. சும்மா பேட்டரியைக் காலியாக்காத"ன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பாக்கலை. மைக்கை வாய்கிட்டக் கொண்டு போய், மெதுவா, வீட்டுக்குள்ள பேசுத மாதிரி பேசிச்சு. "தோமாத்துறைப் போட்டுக்காரங்க எல்லாரும் கேளுங்க. எங்க நிக்கியன்னு ஒருத்தரும் சொல்ல வேண்டாம். நான் கேக்கவும் மாட்டேன். முதலாளி யாரும் இங்க இல்ல. புயல் திரும்பி வருது, ராத்திரிக்குள்ள உங்க தலைக்கு மேல இருக்கும். வலையை அறுத்துட்டு வாங்க. கேக்குதுன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் இரைச்சல்தான். அப்புறம் ததேயுஸ். "கேக்குது பிலோமி."

அப்புறம் இன்னொருத்தன், கேக்குது. இன்னொருத்தன், கேக்குது, வலையை அறுத்துட்டோம். ஒருத்தன் பின்னால ஒருத்தன். எல்லாப் போட்டும், அண்ணாச்சி. சிவப்பு வட்டத்துக்குள்ள இருந்து, சாயங்காலத்துல, பக்கத்து அறையில நின்னு பேசுத மாதிரி. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு, மறைப்பானேன். அந்த மாதிரி சுத்தமான சிக்னலை நான் வாழ்நாள்ல கேட்டதில்ல. சரியா அந்த நிமிசத்துல மேல குமிழி விலகி வழி விட்டிருக்கு பாருங்க.

ஏணிப்படியில பெண்டுக ஒருத்தியை ஒருத்தி கட்டிப் பிடிச்சிட்டு நிக்காவ. பிலோமி மட்டும் மைக்கை விடலை. "கிளீட்டஸ்கிட்ட பெரிய செட்டு இல்ல"ன்னா. அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைஞ்சுது. "அவன் எங்க நிக்கான்னு எனக்குத் தெரியாது. யாருக்காவது தெரியுமா?"

திரும்ப இரைச்சல். நீளமான இரைச்சல். பிறகு ததேயுஸ் சொன்னான், "எனக்குத் தெரியும். அவன் நிக்க இடம் எனக்கு ஒரு மாசமாத் தெரியும். சின்ன செட்டை அணைச்சுத்தான் வச்சிருப்பான், கூப்பிட்டா எடுக்க மாட்டான். நான் நேர்ல போய் இழுத்துட்டு வாரேன். நீ அழாத."

சின்ன செட்டை எதுக்கு அணைச்சு வைக்கணும்னு எனக்கு விளங்கலை. பேட்டரி மிச்சம் பிடிப்பானா இருக்கும்.

வந்துட்டான். எல்லாரும் வந்துட்டாவ. விடிஞ்ச பிறகு, காத்துக்கு முன்னாலயும் பின்னாலயுமா ஒவ்வொண்ணா வந்துச்சு. கடைசியில ததேயுஸ் போட்டு, அதுக்குப் பின்னால கிளீட்டஸ் போட்டு. கரையில இறங்கினதும் ததேயுஸை கிளீட்டஸ் பிடிச்சு ஏசுதான், "என் இடத்தை எப்படிலே கண்டுபிடிச்ச?"ன்னு. ஏசிட்டே அவன் தோள்ல விழுந்து அழுதான். இவியளுக்கு எதுக்கு ஏசுதோம், எதுக்கு அழுதோம்னு ஒரு விவஸ்தை கிடையாது.

எனக்கு அன்னைக்கே கவலை பிடிச்சிட்டு. மாடல் என்ன ஆகிறது? அத்தனை நாளும் சைபர், இந்த ஒரு சாயங்காலம் மட்டும் எல்லாம் முழுசு. கம்ப்யூட்டர்ல போட்டா கோடு குரங்கு மாதிரி ஒரே தாவாத் தாவுது. மாடலைப் பத்தி நான் கட்டுரை அனுப்பின ஆராய்ச்சிப் பத்திரிகையில இருந்தும், அந்த ஒரு நாளைக்கு விளக்கம் குடுங்கன்னு எழுதிட்டான். நானும் சூரியனைப் பாத்தேன், காந்தத்தைப் பாத்தேன், ஒண்ணும் பிடி கிடைக்கலை. புயல்தான் குமிழியைத் துடைச்சிருக்கணும்னு ஒரு யோசனை உண்டு. ஆனா நிரூபிக்க முடியாதே.

சிஸ்டரா? என்னையா கூப்பிடுதாவ? இந்தா வாரேம்மா, ஒரு நிமிசம்.

அப்புறம் நான் பிலோமிகிட்டயே போய்க் கேட்டேன் அண்ணாச்சி. டேட்டா அவ எடுத்ததுல்லா, அவகிட்டக் கேக்கதுதான மரியாதை? "பிள்ளே, அந்த ஒரு நாளை என்ன செய்ய? அது ஒண்ணுதான் எல்லாத்தையும் கெடுக்கு"ன்னேன்.

அந்தப் பிள்ளை சொல்லிச்சு, "அந்த ஒரு நாளை எங்களுக்கு விட்டுருங்க சாரே. மிச்ச நாளெல்லாம் நீங்க வச்சுக்கிடுங்க."

நல்ல பிள்ளை. எவ்வளவு லேசா முடிச்சு வச்சுது பாருங்க. அந்த நாளைக் கணக்குல இருந்து எடுத்துட்டேன். இப்போ கோடு சுத்தமா வருது.